துடைத்துவிட்ட புள்ளி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம். வரிகள் கோணியிருந்தால் அது பேனாவின் குற்றம். கோணல் வரிக்கு எங்கள் பள்ளி சிஸ்டர் அளவுகோலால் விரல் முட்டியில் தட்டுவார். அவர் இப்போது இல்லாததால் தப்பித்தேன்.

நீ அனுப்பிய வியாழன் கோளின் படம் வந்தது. அப்பாவின் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் வீடே மெல்ல நகர்வது போலிருக்கிறது. கருப்பில் மிதக்கும் அத்தனை பெரிய உருண்டை, உச்சியில் ஊதா வளையம். அந்தப் புற ஊதா ஒளி மனிதக் கண்ணுக்கே தெரியாது, நிறம் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கொடுத்தது என்று போனில் சொன்னாய். யாரும் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே ஒருநாள் தூங்கிப்போனேன். அடுப்பில் பால் இருந்தது. அந்தப் பேச்சு வேண்டாம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வளையத்துக்கு வெளியே தனியாக ஒரு புள்ளி இருந்தது. அச்சுக்கறை என்று நினைத்தேன். கறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகுமா? படத்தைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். மையோடு புள்ளியும் போயிற்று. பின்பக்கம் நீ பென்சிலில் எழுதியிருந்ததை அன்று மாலை கீழ்வீட்டுத் தையல்காரப் பெண் வாசித்துக் காட்டினாள். அந்தப் புள்ளி ஒரு நிலாவின் தடமாம். நிலா சுற்றுவது நாலு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து வரும் மின்சாரம் கோளின் மேல்காற்றைத் தொடும் இடம் ஒளிர்கிறது, நிலா நகர நகர அதுவும் நகர்கிறது என்று எழுதியிருந்தாய். மூன்று வருட வேலை என்றும்.

"என்ன பெரியம்மா, பொண்ணு மூணு வருஷம் தேடுனதை மூணு நிமிஷத்துல தொடச்சுட்டீங்களே" என்று சிரித்தாள். பிறகு, நீங்களே ஏன் படிக்கவில்லை என்று கேட்டாள். பென்சில் மங்கல் என்றேன். மறுநாள் கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அறுவை. அரைமணி நேர வேலை, பதற ஒன்றுமில்லை. படிவத்தில் 'உடன் வருபவர்' என்று ஒரு கோடு இருந்தது. எந்தப் படிவத்திலும் இடம் காலியாக விட்டவள் இல்லை நான். அதைக் காலியாக விட்டு வந்தேன். தையல்காரப் பெண் வருகிறேன் என்கிறாள். அவளுக்கும் வேலை இருக்கிறது.

அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால், அவர் தலை சாய்த்த இடத்தில் சுவரில் எண்ணெய்க்கறை இருக்கிறதே, அதை மட்டும் இத்தனை வருடமாக நான் துடைக்கவில்லை. நீ கேட்டதில்லை; நானும் சொன்னதில்லை.

எனக்கு இன்னொரு படம் வேண்டும், புள்ளியோடு. தபாலில் வேண்டாம், மடித்துவிடுவார்கள். கையில் கொண்டு வா. பன்னிரண்டுக்கு முன்னால் வந்தால் மங்கலாகப் பார்ப்பேன். ஆனாலும் புள்ளி எங்கே என்று நீயே என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டு. இந்த முறை துடைக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கே சுற்றினாலும் நன்றாக இரு.

உன்
அம்மா