ஜப்பான் பாட்டிலும் உன் கன்னத்துச் செம்மையும்

நான் உனக்கு வாங்கிக் கொடுத்தது முகத்தை வெள்ளையாக்கும் கிரீம் என்று, தேவாலயத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வாசலில் நிற்கும் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். அதில் பாதரசம் இருந்ததாம். அதுதான் உன் சிறுநீரகத்தைக் கெடுத்ததாம். இரண்டும் தவறு. நான் வாங்கிக் கொடுத்தது வெயிலைத் தடுக்கும் ஜப்பான் சன்ஸ்கிரீன். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை, அதைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் குறை இல்லை. என் குறை வேறு ஒன்று. அது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. உனக்கும் தெரியுமா என்று எனக்கு நிச்சயமில்லை.

இன்று காலை அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தபோது அந்தப் பாட்டில் உருண்டது. நீ பிரிக்காமலேயே விட்டுப்போன இரண்டாவது பாட்டில். உள்ளே இருக்கும் சிறு உருண்டை ‘கிலுக்’ என்றது. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். நீ என் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த இரண்டு வருடத்தில் கடைசி சில மாதங்கள் காலை எட்டு மணிக்குச் சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். நீ எழுந்துவிட்டாய், குளித்துவிட்டாய், பூசத் தொடங்கிவிட்டாய் என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டிலைத் தேடியதற்குக் காரணம் உன் மகள். கல்யாணமாகிச் சவூதியில் தம்மாமுக்குப் போயிருக்கிறாள், அங்கே இந்தியப் பள்ளியில் ஆசிரியை. தம்மாமிலிருந்து வந்த ஒருவர் கையில் கடிதமும் ஒரு புகைப்படமும் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: “ஆன்ட்டி, எனக்குத் தினமும் கிரவுண்ட் டியூட்டி. வெயில் பட்டு முகம் சிவந்துபோகுது. அம்மா போட்ட ஜப்பான் சன்ஸ்கிரீன் பேர் என்ன? மேக்கப்புக்கு அடியில நல்லா நிக்கும்னு அம்மா சொல்லுவா. மத்தபடி உடம்புக்கு ஒண்ணுமில்ல, இங்க தங்குறதுக்கான இக்காமாவுக்கு மெடிக்கல் எடுத்து ஃபிட்னு வந்திருச்சு.”

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு புகைப்படத்தை ஜன்னலருகே கொண்டுபோய், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீ வந்த முதல் வருடம் முகம் சுத்தமாக இருந்தது. பர்துபாயிலிருந்து தினமும் அப்ரா படகில் க்ரீக்கைக் கடந்து தேராவில் அந்த நகைக்கடைக்குப் போவாய், திரும்புவது இருட்டிய பிறகுதான். கடை திறக்குமுன் சூப்பர்வைசர் உங்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி நகம், தலைமுடி, முகம் பார்ப்பார் என்று சொல்லிச் சிரித்திருக்கிறாய். அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் ஒருநாள் சிரிக்காமல் வந்தாய்.

“அக்கா, அந்த ஆளு எல்லாரு முன்னாலயும் கேக்கான். ‘ஃபேஸ் என்ன ரெட்டா இருக்கு, ஸ்கின் டிசீஸா?’ன்னு. கஸ்டமர் பயந்துருவாங்களாம்.”

“நீ என்ன சொன்னாய்?”

“படகுல வெயில் அடிக்குன்னேன். ‘அப்ப மேக்கப் போட்டு மூடு, இல்லன்னா லீவு போட்டு ஊருக்குப் போ’ங்கான்.”

ஊருக்குப் போ என்றால் என்ன பொருள் என்று நம் இருவருக்கும் தெரியும். மகள் கல்லூரி முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. நீ கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையால் கன்னத்தை மூடிக்கொண்டாய். நான் காரியத்தில் இறங்கினேன். காரியம் என்று வந்தால் எனக்கு அரைகுறை பிடிக்காது.

முதலில் மருந்துக்கடையிலிருந்து வாங்கிய ஐரோப்பிய கிரீம். கெட்டியாக இருந்தது, நம் நிறத்தின் மேல் சாம்பல் பூத்தது. “அக்கா, சாம்பல் புதன் வந்திருச்சா?” என்று கேட்டாய். அதை ஒதுக்கினேன். பிறகு தேராவில் அந்தக் காயல்பட்டினத்துப் பாயின் கடைக்குப் போனோம். ஜப்பான் சாமான்கள் ஒரு தட்டு முழுக்க வைத்திருந்தார். எதிலும் நமக்குப் புரியும் எழுத்து இல்லை. எண் மட்டும் ஐம்பது, பக்கத்தில் மூன்று கூட்டல் குறி.

“இது எடுங்கக்கா. தண்ணி பட்டாலும் போவாது, வேர்வ பட்டாலும் போவாது.”

“போகாது என்றால் இரவில் எப்படிக் கழுவுவது?” என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “அது நான் பூசிப் பாக்கலியேக்கா. எண்ணெ போட்டுத் தொடச்சா போவும்னு வீட்ல சொல்லுவாங்க.”

“பாய், ஒங்க வீட்ல பூசுனா கலரு எப்படி இருக்கு?” என்று நீ குறுக்கே கேட்டாய்.

“என் கலருக்கு அவ பரவால்ல” என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் உன்னுடன் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு என்று சொன்னால் அது மிகை. ஆனால் அதற்குப் பிறகு சிரித்தவை அதிகமில்லை.

இரண்டு பாட்டில் வாங்கினோம், ஒன்று ஜெல், இன்னொன்று பால்போல் நீர்த்தது, உருண்டை போட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை, உன் ஒரே ஓய்வு நாள், சோதனை நடத்தினேன். உன் முகத்தைப் பஞ்சால் முழுக்கத் துடைத்து, இடது கன்னத்தில் ஜெல், வலது கன்னத்தில் பால். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவைத்தேன். அவசரப்பட்டுப் பவுண்டேஷன் போட்டால் அடியில் இருப்பது உருண்டு ரப்பர் துகள்போல வந்துவிடும். தேய்க்கவும் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு அப்ராவில் ஏறித் தேராவுக்குப் போய், கரையில் அரை மணி நேரம் வெயிலில் நடந்து திரும்பினோம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஜெல் பூசிய பக்கம் மூக்கோரத்தில் துகள் துகளாகத் திரண்டு, அடியில் எரிவதாகவும் சொன்னாய். பால் பூசிய பக்கம் காலையில் போட்டபடியே இருந்தது. சாம்பல் இல்லை, எண்ணெய் இல்லை, வியர்வை கண்ணில் இறங்கவில்லை. இன்றைக்கும் என்னைக் கேட்டால் அதையேதான் எடுப்பேன்.

இனி குறைக்கு வருகிறேன்.

பஞ்சால் துடைத்தபோது உன் முகத்தைப் பூச்சு இல்லாமல் முதல் தடவை அருகில் பார்த்தேன். மூக்குத் தண்டின் மேல் ஏறி இரண்டு கன்னத்திலும் சரிசமமாக விரிந்திருந்தது அந்தச் செம்மை, கறுத்த செம்மை. மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பில் மட்டும் அது இல்லை. அளவெடுத்து வெட்டிய துணிபோல இருந்தது. நான் தையல் கற்றவள், சமம் என்றால் என் கண்ணுக்கு உடனே தெரியும். அதே நாளில் அப்ராவில் உன் எதிரே நின்றபோது இன்னொன்றும் பார்த்தேன். நீ எப்போதும் ஒரே பக்கம் உட்காருவாய். காலை வெயில் உன் வலது கன்னத்தில் மட்டும் விழுந்தது. இடது கன்னம் முக்காட்டு நிழலில் இருந்தது. ஒரு பக்கம் விழும் வெயில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக எப்படிச் சுடும்?

கேள்வி எனக்குள் எழுந்தது, தெளிவாக எழுந்தது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கான்வென்டில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் எங்கள் தலையில் ஏற்றி அனுப்பிய ஒரு வாக்கியம் உண்டு: “அடுத்தவர் முகத்தில் இருப்பதை அவரிடமே சொல்வது நல்ல வளர்ப்பு அல்ல.” மூக்கில் சளி வடிந்தவளிடம்கூடச் சொல்லாமல் கைக்குட்டையை நீட்டக் கற்றவர்கள் நாங்கள். அறுபது வருடமாக நான் அதை மீறியதில்லை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பூச்சைப் பற்றிப் பேசலாம், முகத்தைப் பற்றிப் பேசக்கூடாது. அந்தக் கோட்டைக் கவனமாகக் காத்தேன். கைக்குட்டைக்குப் பதிலாக உனக்குப் பாட்டிலை நீட்டினேன்.

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் பூச்சின் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். மே மாதம் உன் கண்ணுக்குக் கீழே காலையில் வீங்கியிருந்தது. பவுண்டேஷன் அங்கே வெடிக்கிறது, மெல்லியதாகப் போடு என்றேன். குளியலறை வடிகாலில் முடி கொத்தாக அடைத்தது. இந்த ஊர்த் தண்ணீர் என்றேன். ஏசியில் உன் விரல் நுனி வெளுத்து நீலம் பாய்ந்தது. கடை குளிர் என்றேன். ஒருநாள் காலை எட்டு மணிக்குச் சுவருக்கு அப்பால் சத்தம் கேட்கவில்லை. எட்டேகாலுக்குக் கதவைத் தட்டினாய்.

“அக்கா, நீங்களே குலுக்கித் தாங்க. கை மடங்க மாட்டேங்கு.”

குலுக்கிக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மூடியையும் நானே திறந்து வைத்தேன். நல்ல காரியம் செய்வதாக நினைத்தேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன், அதுவும் சுற்றி வளைத்து. “டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாமா?”

“எதுக்குக்கா? போன வாரம்தானே விசா மெடிக்கல். ரத்தம் எடுத்தான், எக்ஸ்ரே எடுத்தான். ஃபிட்னு பேப்பர் கையில இருக்கு.” பையிலிருந்து எடுத்துக் காட்டினாய். “கவர்மென்டே சொல்லிட்டான், பெறகு நீங்க என்ன சொல்லுதிய?”

அந்தப் பேப்பரைப் பார்த்ததும் எனக்கும் நிம்மதியாக இருந்தது. இந்த ஊரில் நாம் எல்லோரும் செய்யும் தவறு அது. அவர்கள் தேடுவது பிறருக்குத் தொற்றும் நோயை. நமக்குள்ளேயே நம்மைத் தின்னும் நோயை அவர்கள் தேடுவதில்லை. ‘ஃபிட்’ என்றால் இங்கே வேலை பார்க்கலாம் என்று பொருள், சுகமாக இருக்கிறாய் என்று பொருள் அல்ல. இது இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட்டில் உன் கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. சூப்பர்வைசர் லீவு கொடுத்தார். விமான நிலையத்துக்குப் போகும் காலையிலும் நான் உனக்குப் பூசிவிட்டேன். ஐந்து நிமிடம் காத்திருந்து, ஒற்றி, பவுண்டேஷன், பவுடர். கண்ணாடியில் பார்த்து, “சீக்காளி மாதிரியே இல்லைல்லாக்கா?” என்றாய். “இல்லவே இல்லை” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். என் வேலை அவ்வளவு நேர்த்தி. பால் பாட்டில் தீருமுன்பே வாங்கி வைத்திருந்த இரண்டாவது பாட்டிலை எடுத்துப்போக மறுத்தாய். “இருக்கட்டும், திரும்பி வந்து பிரிச்சிக்கிடுதேன்.”

தூத்துக்குடியில் டாக்டர் முதலில் உன் முகத்தைக் கழுவச் சொன்னாராம். உன் மகள் போனில் சொன்னாள். கழுவியதும் ஒரு நொடி பார்த்துவிட்டு, “இது எத்தன நாளா இருக்கு?” என்று கேட்டாராம். லூபஸ் என்று பெயர் சொன்னார். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோயாம், சிறுநீரகம்வரை போய்விட்டதாம். “வெயிலுக்கு கிரீம் போட்டது நல்ல காரியம். அதுக்கு மேல மேக்கப் போட்டு மூடாம இருந்தா யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டிருக்கும்” என்றாராம். பட்டது. என் கண்ணில் பட்டது. அதை உன் மகளிடம் போனில் நான் சொல்லவில்லை. ஏழு வாரத்தில் நீ போய்விட்டாய்.

இப்போது அந்தப் புகைப்படம். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்தது. நன்றாக மேக்கப் போட்டிருக்கிறாள், உன் கை அவளுக்கு வந்திருக்கிறது. ஆனால் வெயிலில் நின்று வியர்த்ததில் மூக்குத் தண்டின் மேல் பவுடர் கலைந்திருக்கிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒரு நிறம் இறங்குகிறது. மூக்கோர மடிப்பு மட்டும் தெளிவாக இருக்கிறது. நான் கிழவி, புகைப்படம் சிறியது, வெளிச்சம் எப்படியோ இருந்திருக்கலாம். வெறும் வெயிலாகவே இருக்கட்டும் என்று மூன்று நாளாகச் செபமாலை சொல்கிறேன். ஆனால் இந்தத் தடவை செபத்தோடு நிறுத்திக்கொண்டு வாயை மூடியிருக்கப் போவதில்லை.

உனக்கு அனுப்ப முகவரி இல்லாததால் இந்த மடலை உன் மகளுக்கே அனுப்புகிறேன். அவள் படிக்கட்டும், என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். உன்னிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது பிரிக்காத ஒரு பாட்டிலும் கேட்காத ஒரு கேள்வியும். பாட்டிலை இத்துடன் வைத்திருக்கிறேன். கேள்வியைக் கீழே கேட்கிறேன்.

மகளே, உன் முகத்தில் இருக்கும் செம்மை இரண்டு கன்னத்திலும் சமமாக இருக்கிறதா? காலையில் விரல் மடங்குகிறதா? முடி கொட்டுகிறதா? இந்தப் பாட்டில் பழையது, பேர் பார்க்கத்தான்; அதேபோல் புதிதாக வாங்கி நன்றாகக் குலுக்கிப் பூசிக்கொள், வெயில் உனக்காகக் காத்திருக்காது. ஆனால் அதன் மேல் எதையும் போடாதே. இந்த வாரமே முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த ஃபிட் பேப்பரை வீட்டில் வைத்துவிட்டு, தோல் டாக்டரிடம் போ. உன் அம்மாவுக்கு இருந்ததைச் சொல். இரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல். அவர் சொன்னதை எனக்கு எழுது. போன் வேண்டாம். போனில் நீயும் “ஒண்ணுமில்ல ஆன்ட்டி” என்பாய், நானும் நம்பிவிடுவேன். உன் கையெழுத்தில் ஒரு பதில் எழுதி அனுப்பு.