நீல வெளிச்சத்துக்கு ஆகும் செலவு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், உன் தொட்டியில் இருக்கிற மீன் நாலும் பவளம் அத்தனையும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உனக்கு வேலை நிரந்தரமானதை அப்பா பஸ் டெப்போ முழுக்கச் சொல்லிவிட்டார், ரிட்டயர் ஆன மனுஷன் இதற்காகவே ஒரு நடை போய் வந்தார். நீயோ அதே போனில், இனி இங்கே திரும்புகிற எண்ணம் இல்லை, தொட்டியை வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரரிடம் கொடுத்துவிடு, வீண் செலவு என்றும் சொன்னாய். அதற்குத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

செலவு உண்மைதான். தொட்டிக்கென்று நீ மாதாமாதம் அனுப்புவது பாதிக்குத்தான் காணும், இத்தனை நாள் மறைத்துவிட்டேன், கோபப்படாதே. கடல் தண்ணீர் மாதிரி கலக்குகிற உப்புப் பை விலை ஏறிவிட்டது, தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினுக்கு ஃபில்டர் மாற்றினேன், விளக்கும் பம்பும் தண்ணீரைக் குளிரவைக்கிற பெட்டியும் சேர்ந்து கரண்ட் பில்லை எங்கேயோ கொண்டுபோய்விடுகின்றன. வெயில் காலத்தில் மீனுக்கு ஏசி, நமக்கு அட்டை விசிறியா என்று அப்பா கேட்பார், கேட்டுக்கொண்டே போய் பில்லையும் கட்டிவிட்டு வருவார். ஆரம்பத்தில் என் அசட்டுத்தனத்தாலும் ஒரு செலவு வந்தது. தொட்டி வற்ற வற்ற உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தேன், ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்று எனக்கு எங்கே தெரியும். பவளமெல்லாம் சுருங்கி மூடிக்கொண்டது, பாதித் தண்ணீரைக் கொட்டிப் புதிதாகக் கலந்து ஊற்ற வேண்டியதாயிற்று, அது மறுபடி விரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. தையல் மெஷினை உன் அறைக்கே மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் தொட்டியின் வெள்ளை விளக்கு அணைந்து நீல விளக்கு மட்டும் எரிகிற நேரம் அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆகிவிடும். சுவரில் அலை ஓடும், என் கைமேலும் ஓடும். அந்தப் பச்சைப் பவளம் தானாகவே வெளிச்சம் விட்டுக்கொண்டு நிற்கும், அதன் விரல்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு என் கால் தானாக மிதிக்கும், மடியில் இருப்பது துணியா தண்ணீரா என்றுகூட அப்போது சரியாகத் தெரியாது. அப்படி ஒரு நாள் பல் டாக்டரின் கறுப்புப் பேண்டுக்குக் கறுப்பு நூல் என்று நினைத்துச் சிவப்பு நூலில் ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டேன், நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரிகிறது. அவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே போய்வந்துவிட்டார். சிரித்துக்கொண்டுதான் திருப்பிக் கொண்டுவந்தார், வெட்கத்தில் நான் கூலி வாங்கவில்லை. அதையும் தொட்டிச் செலவில் சேர்த்துக்கொள்.

போன ஞாயிறு மீன்கடைக்காரர் வந்தார், நல்ல மனுஷன். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, மூணு வருஷம் இப்படி வளர்க்கிறது லேசு இல்லம்மா என்றார், நல்ல விலையும் சொன்னார். கையோடு இரண்டு பக்கெட் கொண்டுவந்திருந்தார். டீ கொடுத்து, வெறும் பக்கெட்டோடு அனுப்பிவிட்டேன். என்னைத் தப்பாக நினைக்காதே. முதல் வருஷம் நீ வருவாய் என்றுதான் தினமும் அந்த விளக்கைப் போட்டேன். எப்போது மாறியது என்று தெரியவில்லை, இப்போது எனக்காகத்தான் போடுகிறேன். இத்தனை வருஷமும் ஊரார் துணியைத் தைத்திருக்கிறேன், எனக்கென்று ஆசைப்பட்டுச் செலவு செய்தது இது ஒன்றுதான். அதை நீ வீண் என்றபோது மனசு வலித்தது.

அதனால் அடுத்த மாதத்திலிருந்து பணம் அனுப்பாதே, இனி அது என் தொட்டி, என் செலவு. அந்தக் காசைத் தனியாக எடுத்து வை, டிக்கெட்டுக்கு ஆகும்.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாயிருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். போன் எடுத்ததும் மீன் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பாய், இனி முதலில் என்னைப் பற்றிக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா