குளிர்காலத்துக்கு நிறுத்திவைத்த வண்டி

நவம்பர் 9, சனி

ரக்ஷாவை மாதவ் நேற்று மாலையே எடிசனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். செப்டம்பரில் அவன் தனி அபார்ட்மென்ட்டுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். ஒரு சனி ஞாயிறு அவனிடம், அடுத்தது என்னிடம். பதினொரு வயதுப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பிஸ்கட்டவேயில் என் வீட்டுக்கும் எடிசனில் அவன் வீட்டுக்குமாக அலைகிறது.

காலையிலேயே சமையலறையை இரண்டு முறை துடைத்தாகிவிட்டது. கடைக்குப் போனேன். யாருக்கென்று தெரியாமல் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கி வந்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

வியாழக்கிழமை விவாகரத்து மீடியேட்டர் அம்மா எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் எங்கள் ஆர்.வி.யைப் பற்றி, படுக்கையும் அடுப்பும் உள்ள அந்தப் பயண வண்டியைப் பற்றிக் கேட்டார். குளிர்காலத்தில் யாரும் வாங்க மாட்டார்கள், வசந்தத்தில் விற்றுப் பிரித்துக்கொள்ளுங்கள், அதுவரை இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இருவரும் தலையாட்டினோம். அந்த அறையில் நாங்கள் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

மாதவ் வண்டியை ஹில்ஸ்பரோ தாண்டி, வண்டிகளை வாடகைக்கு நிறுத்தி வைக்கும் ஒரு ஸ்டோரேஜ் லாட்டில் விட்டிருக்கிறான். டயரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்று நிரப்பி, பலகைமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறானாம். மெசேஜில் கடைசி வரி: “உள்ள இருக்கற வெயிட்ட நீ எறக்கிடு.”

‘ப்ளீஸ்’ இல்லை. எதிர்பார்த்தேனா?

நவம்பர் 23, சனி

லாட்டுக்குப் போனேன். அறுவடை முடிந்த சோளக்காட்டை ஒட்டிச் சரளைக்கல் போட்ட மைதானம். படகுகள், டிரெய்லர்கள், நடுவில் எங்கள் வண்டி. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது முழு எடையும் டயரின் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருக்கும், அந்த இடம் தட்டையாகிவிடும் என்று வீடியோவில் பார்த்தேன். அதனால் எதை எடுக்கலாமோ அதையெல்லாம் எடுத்துவிட வேண்டும்.

குக்கர், இட்லித் தட்டு, அரிசி டப்பா, போர்வைகள், தண்ணீர் கேன்கள், ரக்ஷா மெயின் மாநிலக் கடற்கரையில் பொறுக்கிய கற்கள். கற்கள் மட்டும் ஒரு வாளி. எது யாருடையது என்று யோசிக்கவில்லை. எது கனம் என்று மட்டும் பார்த்தேன். அது சௌகரியமாக இருந்தது.

இறங்கும்போது டயரைக் குனிந்து பார்த்தேன். பின்பக்கம் இரட்டைச் சக்கரம். வெளி டயரின் விளிம்பு பலகையைத் தாண்டி விரலகலம் அந்தரத்தில் தொங்கியது. அப்படி நின்றால் உள்ளே இருக்கும் கம்பிவலை கெட்டுப்போகும். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

“இட்ஸ் ஃபைன்” என்று பதில் வந்தது.

என்ன ஃபைன். கண்ணுக்கு நேரா தொங்குது, ஃபைனாம். பதினாலு வருஷமா இதே வார்த்தை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க, ரெட் லைட் ரெட் லைட்டா நின்னு, மனசுக்குள்ள அவனோட பேசிட்டே வந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்றும் மனசுக்குள் அவனோடு பேசினேன். அவன் பதில் சொல்லாததால் நான்தான் ஜெயித்தேன்.

டிசம்பர் 7, சனி

டிசம்பர் அவனுடைய முறை. எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் போனேன். வீட்டில் இருந்தால் அலமாரியைக் கலைத்துக் கலைத்து அடுக்குவேன் என்பது தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

பலகைகள் மாறியிருந்தன. அகலமானவை, புதியவை. நான்கு பக்கமும் டயர் முழுதாக அடங்கி உட்கார்ந்திருந்தது. வெயில் படாமல் சக்கரங்களுக்கு வெள்ளை உறை கட்டியிருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே?

உள்ளே ஏறி, என் வழக்கமான இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு புகையாக வந்தது. கோவிட் சமயத்தில் பழைய வண்டியாக வாங்கியது. நான்கு கோடைகள் இதில் சுற்றினோம். அவன் ஓட்டுவான், நான் வழி சொல்வேன், ரக்ஷா பின்னால் படுத்துக்கொண்டு படிப்பாள். மழையில் ஒழுகிய இரவில்கூடச் சிரித்தோம். வீட்டில் ஒரு தட்டைக் கழுவாமல் வைத்ததற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவர்கள் நாங்கள்தான்.

இங்கே நன்றாக இருந்தவர்கள் யார் அப்புறம்?

கை விறைத்த பிறகுதான் இறங்கினேன்.

டிசம்பர் 25, புதன்

லீவு. ரக்ஷா அவனிடம். மாடிப்படி ஏறி இறங்கினேன்.

ஜனவரி 4, சனி

என் முறை. குளிர் கூடக்கூட டயரில் காற்று தானாகக் குறையும். வெளிச் சக்கரங்கள் பரவாயில்லை. பின்னால், ஓட்டுநர் பக்கத்து உள் டயரின் வால்வு கைக்கு எட்டவில்லை. சரளையில் படுத்துக் கையை நுழைத்துத்தான் காற்றை அளக்கும் கேஜை வைக்க முடிந்தது. பாதிக் காற்றுகூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்து டயர் இதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது.

சின்ன கம்ப்ரஸரை வைத்து நிரப்பினேன். அது உறுமிக்கொண்டே இருந்தது. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மாதவுக்கு மெசேஜ் போட்டேன். “தேங்க்ஸ்” என்றான். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, “கீழ படுத்தா பாத்த? குளிருமே” என்றான்.

இந்த இரண்டாவது வரியை எத்தனை தடவை படித்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அதே டயர் மறுபடி இறங்கியிருக்கிறது. மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்ல வேண்டும். அதற்கு வண்டியைப் பலகையிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்த்தி, அந்தச் சக்கரத்துக்கு இடம் விட வேண்டும். எப்படியும் மாதத்துக்கு ஒருமுறை நகர்த்தத்தான் வேண்டும். நான் இதுவரை அந்த வண்டியை ஓட்டியதே இல்லை. ரக்ஷாவும் கூட வந்திருந்தாள்.

“ஜஸ்ட் கால் அப்பா,” என்றாள்.

“நானே பண்ணுவேன்,” என்றேன். பண்ணவில்லை. பனி வரப் போகிறது என்று காரணம் சொல்லித் திரும்பிவிட்டோம்.

ஜனவரி 20, திங்கள்

நேற்று முழுக்கப் பனி. ஆபீஸ் கால் இரண்டு. எதிலும் மனம் நிற்கவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே பேசினேன். “ப்ரியா, கேமரா ஆன் பண்ண முடியுமா?” என்று டீமில் இருக்கும் ஷ்ரேயா கேட்டாள். முடியாது.

பிப்ரவரி 1, சனி

என்ன நாள்.

தள்ளிப்போட்டதை இன்று முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். உறைகளைக் கழற்றினேன், சக்கரங்களைச் சுற்றிப் பனியை வாரினேன், ஸ்டார்ட் செய்தேன். முதல் தடவையே பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாக மிதித்துவிட்டேன். பலகையின் அடியில் உருகிய தண்ணீர் மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. பின் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிப் பலகையை விட்டு இறங்கியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் யாருடைய படகோ, ஒரு கை தூரம்தான்.

அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

“பிரேக்ல கால் இருக்கா? பார்க்ல போடு. எறங்கி வெளியில நில்லு. வரேன்.”

ரக்ஷாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். திட்டவில்லை. குனிந்து பார்த்து, “ஒண்ணும் ஆகல,” என்றான். மூன்று பேரும் ஐஸைக் கொத்தினோம். அவன் கொண்டுவந்த மணலை ரக்ஷா சக்கரத்தின் முன்னால் தூவினாள். நான் சாவியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“நீயே ஓட்டு. நான் கை காட்டறேன். மெதுவா விடு போதும்.”

மெதுவாக விட்டேன். அவன் பின்பக்கமாக நடந்துகொண்டே, உள்ளங்கையை மடக்கி மடக்கி, வா, வா, கொஞ்சம் இடது, போதும். வண்டி நேராக ஏறி நின்றது. ரக்ஷா கையுறையோடு தட்டினாள். எங்கள் மூன்று பேர் மேலும் சேறு.

நான்தான் டீக்கு வீட்டுக்கு வாங்க என்றேன். வந்தார்கள். டீ ஆறுவதற்குள் பேச்சு ரக்ஷாவின் கணக்கு கிளாஸுக்குப் போனது. என்னைக் கேட்காமல் அதை நிறுத்திவிட்டானாம்.

“அவளுக்குப் பிடிக்கல ப்ரியா.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ விடுவியா?”

“எப்ப எதக் கேட்டிருக்க நீ?”

குரல் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ரக்ஷா ஷூவைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாலையில் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனான். இரவு தலை பின்னிவிடும்போது கேட்டாள், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே.

“ஆர் யூ அண்ட் அப்பா கெட்டிங் பேக்?”

“இல்லம்மா.”

“ஐ நோ,” என்றாள். பிறகு, “யூ கைஸ் ஆர் ஒன்லி நைஸ் அவுட்சைட்.”

வெளியில் இருக்கும்போது மட்டும்தான் நாங்கள் நல்லவர்களாம். கை பின்னலில் நின்றுவிட்டது. “இட்ஸ் ஓகே,” என்று அவளே சொன்னாள்.

நான் ‘இல்லம்மா’ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவளிடம் மட்டுமில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மெக்கானிக் வந்து பார்த்தார். டயர் நல்லாத்தான் இருக்கிறது, வால்வுதான் கசிகிறது என்று மாற்றிவிட்டார். மாதவுக்குச் சொன்னேன். கட்டைவிரல் ஈமோஜி அனுப்பினான்.

மார்ச் 15, சனி

வாங்குபவர்கள் வந்தார்கள். பிரிட்ஜ்வாட்டரிலிருந்து புஷ்பவல்லி ஆன்ட்டியும் அவர் கணவரும். ரிட்டயர் ஆகி ஊர் சுற்றப் போகிறார்களாம். அங்கிள் எஞ்சினைப் பார்த்தார். ஆன்ட்டி ஒவ்வொரு டயரையும் காலால் மிதித்துப் பார்த்தார்.

ரக்ஷாதான் விளக்கினாள், அவளுடைய இங்கிலீஷில். ஏன் பலகை, ஏன் உறை, ஏன் மாதம் ஒருமுறை நகர்த்துவது. பக்கச்சுவரில் ஒரு வெடிப்புகூட இல்லை என்று குனிந்து விரலால் காட்டினாள்.

“எவ்ளோ அருமையா பாத்துக்கிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்,” என்றார் ஆன்ட்டி. “ஏம்மா விக்கிறீங்க?”

மாதவ் என்னைப் பார்த்தான். “யூஸ் பண்ண டைம் இல்ல ஆன்ட்டி,” என்றான்.

கேட்ட விலைக்கே சம்மதித்தார்கள். நாளை சொல்கிறோம் என்றோம். அவர்கள் போனதும் ரக்ஷா காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மாதவ் சரளையைக் காலால் கிளறினான்.

“விக்க வேணாம்னு தோணுது ப்ரியா.”

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உண்மையைத்தான் எழுதுகிறேன். அப்படி அடித்துக்கொண்டது.

“மாதவ், நாம...”

“தெரியும். அதுக்கில்ல. நாம சேர்ந்து போறதுக்குச் சொல்லல. ஒரு தடவ நான் அவளக் கூட்டிட்டுப் போறேன், ஒரு தடவ நீ. அவளுக்காக.”

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கல. கார்ல ஏறினதும் அழுதேன், ரக்ஷா பக்கத்துலயே உக்காந்திருக்கா. பலகை மாத்தினான், குளிருமேன்னு கேட்டான், சாவிய என் கைலயே விட்டான் – இதெல்லாம் வேறெங்கயோ போய் முடியும்னு குளிர்காலம் முழுக்க நெனச்சிட்டிருந்திருக்கேன். என்கிட்டகூடச் சொல்லாம.

ரக்ஷா டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

புஷ்பவல்லி ஆன்ட்டியைக் கூப்பிட்டு, விற்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “பொண்ணுக்கு மனசு வரலையா?” என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். லிஃப்டில் இரண்டு பேரும்தான் இறங்கினோம். சம்பந்தமே இல்லாமல், கோடைக்குக் காற்றின் அளவை மாற்ற வேண்டும், உள்ளே சாமான் ஏற்றிய பிறகு எடைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும் என்று அவன் சொன்னான். சரி என்றேன். கார் பார்க்கிங்கில் அவன் வலப்பக்கம் போனான்.

மே 3, சனி

லாட்டைச் சுற்றி வண்டியை ஓட்டினேன். பிறகு ரோட்டுக்கும் எடுத்துப் போனேன், 206 ஹைவே வரைக்கும். ரக்ஷா பக்கத்து இருக்கையில். “அம்மா, யூ ஆர் ஸோ ஸ்லோ,” என்றாள். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

மே 24, சனி

நீண்ட வார இறுதி. காலையில் மாதவும் ரக்ஷாவும் ஷெனண்டோவா மலைக்குக் கிளம்பினார்கள். முதல் பயணம் அவர்களுடையது, ஜூலையில் என்னுடையது. குக்கரையும் போர்வைகளையும் கொண்டுபோய் ஏற்றிக் கொடுத்தேன். ரக்ஷா கேஜை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகப் போய் அளவைச் சத்தமாகச் சொன்னாள். மாதவ் தலையாட்டினான். “பாத்துப் போங்க,” என்றேன். வண்டி வளைவில் திரும்பும் வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்து, ஒரு அப்பளம் பொரித்துச் சாப்பிட்டேன். சோபாவில் சாய்ந்தேன்.

விழித்தபோது எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. போனில் ரக்ஷாவின் இரண்டு மிஸ்டு கால், ஒரு போட்டோ: மலை, கொஞ்சம் மேகம், மடக்கு நாற்காலியில் மாதவின் முதுகு. திருப்பிக் கூப்பிட்டேன்.

“வேர் வேர் யூ?”

“தூங்கிட்டேன்டா.”

“யூ? இன் தி ஆஃப்டர்நூன்?” என்று சிரித்தாள். அவர்கள் சமைக்கப் போகிறார்களாம், வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் இன்னும் இருந்தது.