மூன்று கரண்டி நெய்

மதுரை
ஈசுவர வருஷம், ஆடி 5

பேரையூரில் பிறந்தகத்தில் இருக்கும் பாலாம்பாள் அக்காவுக்கு, ஸ்யாமளா நமஸ்காரம் செய்து எழுதுவது. நான் சௌக்கியம். அவர் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

வண்டிக்கார மொக்கைச்சாமியிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய நெய்த்தூக்கு வந்தது. "பெரியம்மா குடுத்துவிட்டாக" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். வழக்கம்போல எனக்கு வயிறு எரிந்தது.

அவருக்குக் கால் வீக்கம். நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. டாக்டர் வலது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்துவிட்டு, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். எனக்கு மானமே போயிற்று. இல்லவே இல்லை என்றேன். இதயம் தளர்ந்திருக்கிறது, ஈரலிலும் கொழுப்பு ஏறி வீங்கியிருக்கிறது, உப்பு, நெய், தித்திப்பு எதுவும் கூடாது என்றார்.

மாதாமாதம் நெய் அனுப்பிக் கெடுத்தது மூத்தாள்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டேன். பொய், அக்கா. குழந்தை இல்லை என்று உங்களை அனுப்பிவிட்டு என்னைக் கட்டிவைத்தார்களே, அந்த முதல் வாரமே நான் இலையில் நெய் விட்டபோது, "பாலா உருக்கினா வாசல் வரைக்கும் மணக்கும்" என்றார். அன்றிலிருந்து உங்கள் நெய் அப்படியே கோயில் விளக்குக்குப் போகிறது. நானே உருக்கினேன். நீங்கள் ஒரு கரண்டி விடுவீர்களாம். நான் மூன்று விட்டேன், ஒன்பது வருஷமாக. எனக்கும் குழந்தை பிறக்கவில்லை. நெய்யிலாவது உங்களை ஜெயிக்கப் பார்த்தேன்.

இப்போது, நெய் விடாத சாதம் சுத்தமாகாது என்று இலையைத் தள்ளுகிறார். ஊறுகாயைத் திருடித் தின்கிறார். இப்படியே போனால் தை மாதம் தாண்டாது என்கிறார் டாக்டர். நேற்று ஆத்திரத்தில், அவள் வந்து போட்டால் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன்.

"அவ போட்டா மண்ணையும் சாப்பிடுவேன்" என்றார்.

அடுக்களையில் போய் அழுதேன். அவருக்காக இல்லை, எனக்காகத்தான்.

ஆகையால் வாருங்கள். உப்பில்லாக் கஞ்சியை உங்கள் கையால் கொடுங்கள். நான் எதிரே நிற்க மாட்டேன், நின்றால் என் கண் சும்மா இருக்காது. உங்கள் மேல் உள்ள பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். நம் இருவர் நெற்றிக் குங்குமமும் இருக்க வேண்டும்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பார்கள். நீங்கள் வெறுங்கையோடு வாருங்கள், அக்கா.

இன்றுதான் தங்கை என்று எழுதத் துணிந்த,
ஸ்யாமளா