சூரன் இருந்த குத்துச்சண்டை மண்டபம்

அனுப்புநர்:
நிமலினி கிருபைரட்ணம்,
செயலாளர், இலுப்பைப்புலம் குத்துச்சண்டைக் கழகம்,
சந்தை வீதி, இலுப்பைப்புலம், அச்சுவேலி.

பெறுநர்:
கௌரவ தவிசாளர் அவர்கள்,
இலுப்பைப்புலம் பிரதேச சபை.

விடயம்: எமது பயிற்சி மண்டபத்தைக் களஞ்சியமாகக் குத்தகைக்கு விடும் முடிவை இரத்துச் செய்யக் கோரல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் சபை இம்மாதம் அனுப்பிய அறிவித்தல் கிடைத்தது. மண்டபத்தில் குத்துச்சண்டை நடைபெறவில்லை, கோவில் சாமான்கள் போட்டு வைக்கப்பட்டுள்ளன, கழகத்துக்குக் குறிப்பிடத்தக்க வெற்றியாளர்களும் இல்லை, ஆகவே டிசம்பர் முதலாம் திகதி காலை சாவியைக் கையளிக்க வேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. அதன்பின் மண்டபம் ஓர் உர வியாபாரிக்குக் களஞ்சியமாகக் கொடுக்கப்படுமாம். களஞ்சியமாகப் பாவித்தீர்கள் என்று குற்றம் சொல்லிப் பறித்து, அதையே களஞ்சியமாக்கும் கெட்டித்தனம் எனக்கு முதல் வாசிப்பில் விளங்கவில்லை. திரும்ப வாசித்தபோது, குத்தகைப் பணத்துக்காக என்று விளங்கியது. அதனால்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

2. தங்கள் வருமானப் பரிசோதகர் வந்தது கந்தசஷ்டி விரத நாட்களில். எமது ஊர் முருகன் கோவிலில் சூரன் போர் அன்று சூரனைக் காவி ஆட்டுபவர்கள் எமது கழகத்தினரே. ஆளைவிட உயரமான அந்தச் சூரன் உருவத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வேலுக்கு முன்னால் பாய வேண்டும், விலக வேண்டும், சட்டென்று பின்வாங்க வேண்டும். காலடி பழகாதவன் சனத்துக்குள் விழுந்துவிடுவான். ஆகவே விரதம் தொடங்கியதும் சூரனும் அவருடைய யானைமுகம், சிங்கமுகம் முதலிய தலைகளும் ஒத்திகைக்காக மண்டபத்துக்கு வந்துவிடும். அந்த ஆறு நாளும் கழகத்தில் ஒருவர்மேல் ஒருவர் கை நீட்டுவதில்லை. கையுறைகள் தட்டில் ஏறிவிடும். எமது வீரர்களில் கிறிஸ்தவரான றயன்கூட அந்த ஒழுங்கை மீறுவதில்லை. ஒளித்துநின்று இறைச்சி றோல்ஸ் சாப்பிடுவதோடு சரி.

பரிசோதகர் எட்டிப் பார்த்தபோது விரதக் களைப்பில் சுவரோடு சாய்ந்திருந்தவர் எமது வீரர் லக்ஷன். இங்கே குத்துச்சண்டை பழகுவதில்லையா என்று பரிசோதகர் கேட்டிருக்கிறார். லக்ஷன் சொன்ன பதில் இது: "இப்ப பழகிறேல்லை ஐயா. சூரன் போர் முடியட்டும், வந்து பாருங்கோ." இதில் முதற் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். இரண்டாம் பாதிக்கு இன்றுவரை வரவில்லை. மறுகிழமையே கையுறைகள் இறங்கிவிட்டன. சூரனும் கோவிலுக்குப் போய்விட்டார். இதை அறிய விசாரணைக் குழு தேவையில்லை. மாலையில் சந்தை வீதியால் போகிற எவருக்கும் குத்துமூட்டையில் அடி விழுகிற சத்தம் கேட்கும்.

நான் மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவள். சூரன் தலைகளுக்காக நான் வழக்காடுவதைக் கேட்டு எங்கள் போதகரே சிரித்தார். சிரிக்கட்டும். ஊரில் பிறந்து வளர்ந்த ஓர் உத்தியோகத்தருக்குக் கந்தசஷ்டி எப்போது என்று தெரியாமற் போனதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

3. மண்டபம் சபைக்குச் சொந்தம் என்கிறது அறிவித்தல். நிலம் சபையுடையது, ஒப்புக்கொள்கிறேன். கட்டடம் அப்படியன்று. என் தகப்பனார் கிருபைரட்ணம் மிஷன் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியர். அவரும், புகையிலைத் தோட்டக்காரரான முருகேசு அண்ணையும், கழகத்துப் பெடியளும் சிரமதானத்தில் கட்டியது அது. போர்க்காலத்தில் இராணுவம் அதில் இருந்தது. திரும்பக் கிடைத்தபோது மேடையின் தூண்கள் விறகாகிப் போயிருந்தன. அப்போதும் சபை ஒரு தடி தரவில்லை. நாங்களே நட்டோம்.

4. வெற்றியாளர்கள் இல்லை என்ற வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. முருகேசு அண்ணை கொழும்பில் தேசியப் பட்டம் வென்றவர். வெறுங்காலோடு மேடையேற மத்தியஸ்தர் விடவில்லை என்று என் தகப்பனார் தன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுக்க, பெரிய சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்துக்கொண்டு ஏறி வென்றார். அவருக்குப் பின் வந்தவர் கடற்தொழிலாளியான நீக்கிலாப்பிள்ளை, இடக்கைக்காரர். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு போர் இடப்பெயர்வில் சனம் சட்டி பானையோடு தென்மராட்சிக்குப் போக, இவர் குத்துமூட்டையின் மணலைக் கொட்டிவிட்டு வெறுந்தோலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அங்கே உமியை நிரப்பி மாமரத்தில் தொங்கவிட்டு அகதிமுகாம் பிள்ளைகளைப் பழக்கினார். அவர்களில் ஒருத்தி நான். மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்றேன். அது குறிப்பிடத்தக்கதா இல்லையா என்று தங்கள் பரிசோதகர் தீர்மானிக்க வேண்டாம்.

மேலும், கடந்த ஆகஸ்ட்டில் எமது தர்சிகா தேசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்று வந்தபோது, சந்தியில் வைத்து மாலை போட்டவர் தாங்களே. மாலையைப் பிடித்தபடி படத்துக்காக நெடுநேரம் நின்றீர்கள். கழகத்தில் வெற்றியாளர் இல்லை என்ற அறிவித்தலில் இருப்பதும் தங்கள் கையொப்பம்தான். இரண்டில் எது பொய் என்று தயவுசெய்து எழுத்தில் அறியத் தரவும்.

5. டிசம்பர் நடுப்பகுதியில் தேசிய இளையோர் அணித் தெரிவு. தர்சிகா சந்தையில் மரக்கறி விற்கும் கமலாவதி அக்காவின் மகள். அவளுக்கு வேறு மண்டபம் இல்லை. இந்தப் பக்கத்தில் வேறு மேடையும் இல்லை. இது பற்றிக் கதைக்கத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, மைதானத்தில் பழகலாம்தானே என்று ஓர் அலுவலர் சொன்னார். மாரி மழையில் மைதானம் குளமாகி நிற்பதை அவர் யன்னலால் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் இதைத் தர்சிகாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "இந்தமுறை விட்டனெண்டால் எனக்கு வயசு போயிடும் அக்கா. இளையோர் பிரிவிலை இனி ஏறேலாது," என்றாள். பிறகு துள்ளிக் கயிறடிக்கப் போய்விட்டாள். ஐயா, எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிய பின் எழுதலாம் என்று காத்திருந்தால் திகதி தவறிவிடும்.

6. ஆகவே, குத்தகை முடிவை உடனடியாக இரத்துச் செய்யுமாறும், பரிசோதகரை ஏதாவது ஒரு மாலையில் மீண்டும் அனுப்பி உண்மையை எழுதுவிக்குமாறும், வெற்றியாளர் இல்லை என்ற வரியை எழுத்தில் வாபஸ் பெறுமாறும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பணிவு இவ்வளவுதான், இதற்குமேல் என்னிடம் இல்லை.

சாவியைக் கையளிக்க மாட்டோம். டிசம்பர் முதலாம் திகதி காலை கதவு அகலத் திறந்திருக்கும். தர்சிகா மேடையில் நிற்பாள், எதிரில் லக்ஷன் நிற்பார். பூட்ட வருபவர்கள் தாராளமாக உள்ளே வரலாம், கதிரை போட்டு வைக்கிறோம். ஆனால் அவளை இறங்கு என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல விரும்புகிறவர் கையுறையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறி அவளிடமே சொல்லட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நிமலினி கிருபைரட்ணம்
(ஒப்பம்)

இடம்: இலுப்பைப்புலம்
திகதி: 17.11.2025