வந்த வழியே திரும்பும் பொத்தான்

ஜூலை 3, வியாழன்

சிட்டு,

நீ போய் ஒரு வாரம். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மூன்று நாளுக்கு மேல் துக்கம் கிடையாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டம்மா சொன்னார்கள். கட்டின மாப்பிள்ளை இறந்தால் நாலு மாதம் பத்து நாள். கூடப் பிறந்த தம்பி என்றால் மூன்றே நாள். எதிர்வீட்டு இஃப்பத் நேற்று வந்து, "என்ன காதரக்கா, மிசினு சத்தமே கேக்கல, தைக்கக் குடுத்த நைட்டியெல்லாம் கடையில கேக்குறாங்கல்ல?" என்றாள். தலையை ஆட்டினேன்.

இன்னும் நம்ப முடியவில்லை. மேசையில் தலை சாய்த்துப் படுத்திருந்தாய். வேலைக்கு நடுவில் அப்படிப் படுப்பதுதானே என்று டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு மிசினில் உட்கார்ந்தேன். டம்ளரை எடுக்க வந்தேன். டீ ஆடை கட்டிக் கிடந்தது. இருபத்தெட்டு வயசில் மாரடைப்பாம். டாக்டர் சொல்கிறார். யாருக்கு? உனக்கா?

உன் லேப்டாப்பை மூடி வைத்தேன். அணைக்கத் தெரியாது. வயரையும் பிடுங்கவில்லை. ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்து வந்து போகிறது.

அழக் கூடாது என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். உன் ஆபீசில் கொடுத்த டைரி. நீ ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அஞ்சாங்கிளாஸ் எழுத்து, சிரிக்காதே.

ஜூலை 5, சனி

கரண்ட் போய் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

உன் மேனேஜர் செபஸ்தியான் சார் மதுரையிலிருந்து பேசினார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். கடைசியில், "அந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட் விஷயத்தை இனிமே பெருசு பண்ண மாட்டோம்மா. போனவரு போயிட்டாரு" என்றார்.

எந்த விஷயம் என்று கேட்டேன்.

"தப்ரேஸ் வீட்டுல சொல்லலையா? ஒரே பேரு, ஒரே பிறந்த தேதியில ரெண்டு பேஷண்டும்மா. ஒருத்தரோட ரத்த ரிப்போர்ட்டு இன்னொருத்தருக்குப் போயிருச்சு. சர்க்கரையே இல்லாத பெரியவருக்குச் சர்க்கரை ஊசி போட்டு, மயங்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட்டை ஆளோட சேர்க்கிற புரோகிராம் வரி தப்ரேஸ் எழுதுனது."

அவர் போனை வைத்த பிறகும் நான் காதிலேயே வைத்திருந்தேன்.

போன மாதம் ஒருநாள் ஸ்பீக்கரில் யாரோ கத்தினார்களே, நீ கதவைச் சாத்திக்கொண்டாயே, அது இதுதானா? "என்னடா சத்தம்"னு கேட்டதுக்கு "ஆபீசுக்கா, நீ போய் தை"னு சொன்னியே.

அத்தாவுக்குச் சர்க்கரை இருந்தபோது மாத்திரைக் கவரில் சூரியன் போட்டது காலைக்கு, நிலா போட்டது ராத்திரிக்கு என்று வரைந்து வைத்தவன் நீ. உன் கையா ஒரு பெரியவரை விழ வைத்தது? இல்ல. இல்லடா. எப்படி இருக்கும்?

ஜூலை 8, செவ்வாய்

அந்தப் பெரியவர் பேரைக் கேட்கவில்லை. அவருக்காக அல்லாஹ்விடம் துவா கேட்கும்போது யார் என்று சொல்லிக் கேட்பேன்?

ஜூலை 10, வியாழன்

விக்னேஷ்குமார் வந்தான். உன்னோடு மதுரையில் ஒரே அறையில் இருந்த ஒட்டன்சத்திரத்துப் பிள்ளை, நீ "விக்கி, விக்கி" என்பாயே, அவன். உன் மய்யத்து எடுக்க வந்தபோது முகம் சரியாகப் பார்க்கவில்லை. லேப்டாப்பை ஆபீசுக்கு எடுத்துப் போக வேண்டுமாம். அதற்கு முன் நீ பாதியில் விட்ட வேலை இதற்குள் மட்டும்தான் இருக்கிறதாம், அதைப் பிரித்து எடுக்க வேண்டுமாம்.

மூடியைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, நீங்க இதை அணைக்கவே இல்லீங்களா? அவன் விட்டது விட்டபடி இருக்குதுங்க."

லேப்டாப்பைத் திறக்கிற உன் ரகசிய நம்பரைப் போட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கறுப்புத் திரையில் கலர் கலராக எழுத்து. நீ இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் படித்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"ஆறாயிரம் பைலுக்கு மேல இருக்குங்கக்கா. யாரும் முழுசா படிக்கறதில்லீங்க. ஏதாவது ஒரு பேரைப் புடிச்சுக்கறதுங்க. அந்தப் பேரு மேல கண்ட்ரோல் பட்டனை அமுக்கிட்டுத் தட்டுனா அது பொறந்த எடத்துக்கே கொண்டு போய் உட்டுரும். இதை யாரெல்லாம் கூப்படறாங்கன்னு கேட்டா அதையும் சொல்லிரும்."

"மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியா? யார் வீட்டுப் புள்ள, யாரோட சேர்க்கைன்னு?"

சிரித்துவிட்டான். நானும் சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

நிற்கிற வரிக்கு ஓரமாகச் சாம்பல் நிறத்தில் சின்னதாக எழுத்து வருகிறது. அது என்ன என்றேன். அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் பேராம், தொட்ட தேதியாம். உன் பேரைக் காட்டச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது; முதல் எழுத்து விரித்த குடை மாதிரி இருக்கிறது. எங்கே குடை வந்தாலும் நீ என்று வைத்துக்கொண்டேன். எத்தனை குடை, சிட்டு! மழைக்கால பஸ் ஸ்டாண்டு மாதிரி.

அந்தப் பெரியவரை விழவைத்த வரி எது என்று கேட்டேன். காட்ட மாட்டேன் என்றான். விடவில்லை. காட்டினான். பேரையும் பிறந்த தேதியையும் மட்டும் பார்க்கிறதாம், நோயாளி நம்பரைப் பார்க்கவில்லையாம். ஓரத்தில் பார்த்தேன்.

குடை.

உள்ளே போய் அவனுக்குச் சோறு போட்டு வந்தேன். தங்கச்சிக்கு ஆவணியில் கல்யாணம் என்றான். தப்ரேஸ்தான் மண்டபம் பார்த்துக் கொடுத்தான் என்றான். அதையும் நீ சொல்லவில்லை.

அவன் கிளம்பும்போது கேட்டேன், உன்னை எங்கே அடக்கினார்கள் என்று. கபர்ஸ்தானுக்குப் பெண்பிள்ளைகள் வரக் கூடாதே. உன்னை எடுத்துப் போனதுதான் பார்த்தேன், எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. மூன்று பிடி மண் போட்ட அவனுக்குத் தெரியும்.

"கேட்டைத் தாண்டுனதும் குழாய் இருக்குதுங்க. அங்கிருந்து எடது கைப்பக்கம் பாத்தா வேப்பமரம். அதைத் தாண்டிச் செவுத்தோரமாப் போனா..." குனிந்து செருப்பை மாட்டினான்.

ஜூலை 11, வெள்ளி

எப்படி எழுதுவேன் இதை.

ஜும்ஆ தொழுகை முடிகிற நேரம் விக்னேஷ் வந்தான். "தப்ரேஸ் கடைசியா எங்கெங்க போனான்னு பாத்தா, என்ன பண்ணிட்டிருந்தான்னு தெரிஞ்சிரும்ங்க. நல்ல வேளை அணைக்காம வச்சிருந்தீங்க. அணைச்சிருந்தா இந்தத் தடம் போயிருக்கும்" என்றான். ஆல்ட் என்ற பொத்தானோடு இடது பக்க அம்பை அமுக்கினால், வந்த வழியே திரும்பிப் போகுமாம்.

அமுக்கினான்.

திரையில் நின்றிருந்த சின்னக் கோடு சட்டென்று வேறு இடத்துக்குத் தாவியது. "இங்க நின்னிருக்கான்." மறுபடி அமுக்கினான். "அதுக்கு முன்னால இங்க."

சிட்டு, நீ நடக்கிறாய். பின்னால் பின்னால் நடக்கிறாய். யாரும் தொடாமல் விட்ட உன் காலடி. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று பிடிபட்டது. நேற்றுக் காட்டிய அதே வரி வந்தது. பிறகு வேறு ஒரு பக்கம். மறுபடி அதே வரி. மறுபடி அந்தப் பக்கம். போகிறாய், வருகிறாய், போகிறாய், வருகிறாய்.

"என்னப்பா இது, ஒரே இடத்துக்குப் போயிப் போயி வாரான்?"

விக்னேஷுக்கு அமுக்குகிற விரல் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்திலும் அதே வரிதான் இருந்தது, கொஞ்சம் கோணலாக. ஓரத்தில் சாம்பல் எழுத்து. நான் குடையைத் தேடினேன். குடை இல்லை. கவட்டை மாதிரி ஒரு எழுத்து.

"இது தம்பி பேரு இல்லையே. கவட்டை எழுத்துல யாருப்பா?"

அவன் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டான்.

"நான்தானுங்கக்கா."

எனக்குப் புரியவில்லை. என்ன நீ என்றேன்.

"அந்த வரி நான் எழுதுனதுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்ன. எனக்கு நெனப்பே இல்லீங்க, சத்தியமா. இது பழைய பதிப்பு. மார்ச்சுல அந்தப் பைல் பூராவும் கோணல்மாணலா இருக்குன்னு தப்ரேஸ் எடைவெளியை நேராக்குனான். அவ்வளவுதான் பண்ணுனான். ஆனா கடைசியாத் தொட்டவன் பேருதான் ஓரத்துல நிக்கும். சாரு மேலாப்புல பாத்தாரு. இவன் அடியில போய்ப் பாத்திருக்கான்."

"அப்ப அவனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்குங்க."

"எப்ப இருந்து?"

எங்கேயோ தட்டிப் பார்த்தான். பழைய பதிப்பை நீ தனியாக எடுத்து வைத்த தேதியைப் படித்தான். அந்தச் சத்தம் போட்ட போன் வந்த அன்றைக்கே.

அன்றைக்கே!

நீ வரியையும் சரிபண்ணி வைத்திருக்கிறாயாம். நோயாளி நம்பரைச் சேர்த்து, தப்பில்லாமல். அனுப்பத்தான் இல்லை. அனுப்பும்போது என்ன மாற்றினோம் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வார்த்தை. என்னப்பா அது என்றேன். "இங்கிலீஷ்ல, 'சரி பண்ணியது'ன்னு அர்த்தங்கக்கா. பின்னால எடம் உட்டிருக்கான். அதுக்கு மேல எழுதல."

அங்கேதான் கோடு நின்று நின்று எரிந்தது. நீ தலை சாய்த்த இடம் அதுதானா?

விக்னேஷ் சாப்பிடாமல் போனான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனான். நான் தடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

தெரிஞ்சே திட்டு வாங்குனியாடா? விக்னேஷ் முகத்தப் பாத்துக்கிட்டே வீடியோவுல சிரிச்சுப் பேசுனியே, அப்பவும் தெரியும்ல? "விக்கி வீட்டுக்கே அவன் சம்பளம்தான்க்கா"ன்னு ஒருநாள் சொன்ன. அதுக்காகவா? இல்ல, சொல்ல நேரம் பாத்துக்கிட்டு இருந்தியா?

உன் நெஞ்சு வெடிச்சது இதனாலதானா?

நேற்றும் அவனுக்கென்று சோறு வடித்து வைத்திருந்தேன். என் கையாலே. அந்தப் பாத்திரத்தை இன்னும் கழுவவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அவன் இனி வாய் திறக்க மாட்டான். தடம் இருந்த பெட்டியும் அவனிடம்தான் இருக்கிறது. அணைத்தால் போய்விடும் என்று அவன்தானே சொன்னான்? உன் பேர் அந்த வரியிலேயே நிற்கப் போகிறது. நான் போய் யாரிடம் சொல்வேன்? குடையையும் கவட்டையையும் பார்த்தேன் என்றா?

ஜூலை 18, வெள்ளி

செபஸ்தியான் சார் மறுபடி பேசினார்.

"விக்னேஷ்குமார் எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, திரையில போட்டுக் காட்டிட்டாரும்மா. தப்ரேஸ் மேல ஒரு தப்பும் இல்ல. ஓரத்துல இருந்த பேரைப் பாத்தோம். அதுக்கு அடியில பாக்கல. மன்னிச்சிருங்க."

அவர் மறுபடி மறுபடி "அம்மா, இருக்கீங்களா?" என்றார்.

அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கம்பியைப் பிடித்து நடக்கிறாராம். பேரைச் சொல்லக் கூடாதாம். சரி, பேர் இல்லாமலே துவா கேட்கிறேன்.

விக்னேஷைப் பற்றிக் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

மேசையில் லேப்டாப் இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக இருக்கிறது. சுற்றித் துடைத்தேன். மிசினுக்கு எண்ணெய் போட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று உனக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா. யாசீன் ஓதும்போது வாசலில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு விக்னேஷ் நின்றான். உள்ளே வரவில்லை. கறுத்திருந்தான். வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். மார்க்கெட்டில் அப்பாவோடு கேரளா லாரிக்குக் காய் ஏற்றுகிறானாம். தங்கச்சி கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறதாம்.

திட்டுவதற்காகச் சேர்த்து வைத்த சொல்லெல்லாம் இருந்தது. ஒன்றும் வரவில்லை. "சாப்புட்டுப் போப்பா" என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கைகழுவிய பிறகு சொன்னான். வேலையிலிருந்து எடுப்பதற்கு முந்தின நாள் நீ சரிபண்ணிய வரியை நீ எழுதியபடியே அனுப்பினானாம். ஒரு புள்ளிகூட மாற்றவில்லையாம். கட்டத்தில் இருந்த அந்த ஒரு வார்த்தையோடும் எதுவும் சேர்க்கவில்லையாம். "இனிமே அந்த வரியை எவன் வந்து பாத்தாலும் தப்ரேஸ் பேருதானுங்க இருக்கும். இந்தத் தடவை அது நெசமாவே அவன் வரி" என்றான்.

பிறகு, "வாங்கக்கா, காட்டறேன்" என்றான்.

கபர்ஸ்தான் கேட்டுக்கு உள்ளே போகவில்லை. வெளியே சுவர் ஓரிடத்தில் தாழ்ந்திருக்கிறது. அங்கே நின்றேன். குழாய் தெரிந்தது. வேப்பமரம் தெரிந்தது. அவன் விரலை நீட்டினான். மண் அமுங்கிப் போயிருக்கிறது, சிட்டு. அதற்குள் புல் வந்துவிட்டது.

அவன் பஸ்ஸுக்குப் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்து சத்தமாகவே கேட்டுவிட்டேன், ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சரி பண்ணியதுன்னு எழுதிட்டு எடம் விட்டியே — அதுக்குப் பின்னால யார் தப்புன்னு எழுத இருந்தே?