பூஜை மாடத்தில் எங்கள் அக்கா

5 செப்டம்பர் 1937, ஞாயிறு

சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று கிள்ளான் ஸ்டேஷனில் என் வலது செருப்பின் வார் அறுந்து சிவலோகம் சேர்ந்தது.

அக்காவின் கல்யாணமும் அறுந்தது.

அப்பாவும் நானும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். பூஜை மாடத்தில் மாலை போட்ட பாலகிருஷ்ணன் படம். உற்றுப் பார்த்தால் எங்கள் அக்கா! எட்டு வயதில் மெட்ராஸில் ஊமைப்படத்தில் கிருஷ்ணனாக நடித்தவள். எவனோ அதைச் சாமிப் படமாக்கி விற்றிருக்கிறான். அவள் நடித்ததை வெளியே சொல்லக்கூடாதென்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ரகசியம் காப்பதில் நான் இரும்புப் பெட்டி.

மாப்பிள்ளை என் தோளில் கை போட்டான்.

“என்ன தம்பி சிரிக்கிற? அத்தான்கிட்ட சொல்லு லா. மூச்சு விட மாட்டேன்.”

சொன்னேன். உடனே, “அம்மா, இங்க வாங்க!” என்று கத்தினான். துரோகி!

“கூத்தாடிப் பொண்ணு நமக்கு வேணாம்” என்றாள் அவன் அம்மா. காலையில் அதே முகத்துக்குத்தான் கற்பூரம் காட்டியிருக்கிறாள். மாலைகூட வாடவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா கேட்டாள், “யாருடா சொன்னது?”

“அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்கக்கா.”

புதுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

உண்மையில், மாப்பிள்ளை என் தோளில் கை போடவில்லை. எதுவும் கேட்கவுமில்லை. நானாகத்தான், “இந்தச் சாமி எங்கக்கா!” என்று கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.